துட்டி வீட்டு வேலையும் உடம்பும்

கேள்வி: எனக்கு 31 வயது. ஊர் கல்லிடைக்குறிச்சி பக்கம். தாய்மாமாவும் நானும் சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி, சொர்க்க ரதம், பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறோம். உதவிக்கு ஒரு பையன் உண்டு. உடலைத் தூக்கி வைப்பது, குளிப்பாட்டும்போது கூடமாட நிற்பது எல்லாம் நாங்களேதான். எனக்கு இடுப்பு வலி விடாமல் இருக்கிறது. பிணத்துக் காற்று பட்டால் நோய் வரும், இந்தத் தொழிலை விடு என்று அம்மா தினமும் சொல்கிறாள். ஹெச்.ஐ.வி., காசநோய் இருந்தவர்களைத் தொடலாமா? என்ன ஊசி போட வேண்டும்? மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரி வேலைக்குக் கிளம்பும்முன் கொஞ்சம் குடிப்பார், குடிக்காமல் இந்த வேலை ஓடாது என்பார். போன மாதம் ஆற்றில் மூழ்கிய ஒரு பள்ளிக்கூடப் பையனை எடுத்து வைத்ததில் இருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இன்னொன்று: நடுராத்திரியில் போன் செய்யும் வீட்டார் ஒன்றும் புரியாமல் தவிக்கிறார்கள். என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு நாங்கள் என்ன சொல்வது?

பதில்: தம்பி, முதலில் உங்கள் அம்மாவுக்குச் சொல்லிவிடுகிறேன். இறந்தவர் மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. பக்கத்தில் நின்றதற்காக மட்டும் யாருக்கும் நோய் தொற்றாது. வெள்ளம், நிலநடுக்கம் என்று கூட்டம் கூட்டமாக மக்கள் இறக்கிற இடத்தில்கூட உடல்களால் கொள்ளைநோய் கிளம்புவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. காலராவும் பிளேக்கும் ஊரைக் காலி செய்த காலத்தில் வந்த பயம் இது. அன்றைக்கு அது நியாயமான பயம்தான். இன்றைக்கு, அம்பை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருமிக்கொண்டு வருகிற ஆளிடம் உங்களுக்கு இருக்கிற ஆபத்து, பெட்டிக்குள் படுத்திருப்பவரிடம் இருப்பதைவிட அதிகம். உங்கள் தொழிலில் ஆளைச் சாய்ப்பவை வேறு: கரண்ட், கனம், தூக்கமின்மை, பாட்டில். நீங்கள் பயப்பட வேண்டியது இவற்றுக்குத்தான்.

அதற்காகக் கிருமி விஷயத்தில் அசட்டையாக இருக்கலாம் என்று இல்லை. இறந்தவரின் ரத்தத்திலும், உடலில் இருந்து கசியும் நீரிலும் கிருமி இருக்கலாம். ஆனால் அது உங்களுக்குள் நுழைய ஒரு வழி வேண்டும். கையில் ஆறாத காயம், குத்திவிட்ட ஊசி, கண்ணிலோ வாயிலோ தெறித்த துளி, இவைதான் அந்த வழி. முழுசாக இருக்கிற தோலைத் தாண்டி ஹெச்.ஐ.வி. உள்ளே போகாது. ஃப்ரீசர் குளிரில் கிருமி செத்துப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு: குளிர் அதைக் காப்பாற்றித்தான் வைக்கும். ஹெப்படைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலேயே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும்.

யாருக்கு என்ன நோய் என்று வீட்டார் உங்களிடம் சொல்லமாட்டார்கள். பல வீடுகளில் அவர்களுக்கே தெரியாது. அதனால் ஹெச்.ஐ.வி. என்று கேள்விப்பட்டால் மட்டும் கையுறை என்கிற பழக்கம் உதவாது. எல்லா உடலுக்கும் ஒரே முறைதான். கையுறை, முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன், விரல் மூடிய செருப்பு அல்லது ஷூ. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, அதற்கு மேல் கையுறை. போட்ட கையுறையோடு போன் எடுக்கக் கூடாது. உங்கள் ஆட்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காசநோய்க்காரர் விஷயத்தில் ஒன்று மட்டும் கூடுதல்: உடலைத் தூக்கும்போதும் புரட்டும்போதும் நுரையீரலில் தங்கிய காற்று வாய்வழியாக வெளியே வரும். அந்த நேரத்துக்கு என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அவர் வாய், மூக்கின் மேல் ஒரு துணி போட்டுவிட்டுத் தூக்குங்கள். ஹெச்.ஐ.வி. இருந்தவரும், காசநோய் இருந்தவரும் மற்றவர்களைப் போலவே குளித்து, கோடி உடுத்தி, மரியாதையாகப் போகலாம். தடை ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து எடுக்கும்போது கையில் ஊசி, மூத்திரக் குழாய், மூக்குக் குழாய் எல்லாம் எடுத்தாயிற்றா என்று வார்டிலேயே நர்ஸிடம் கேளுங்கள். வீட்டில் வந்து நீங்கள் பிடுங்க வேண்டாம். ஏதாவது குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்குவதும் வாயில் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. ராத்திரி என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

பெட்டியின் தட்டை ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். ரத்தமோ கசிவோ பட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றி, பத்து நிமிஷமாவது ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் ஸ்டீல் அரித்துவிடும். கலக்கிய தண்ணீரை மறுநாளைக்கு வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். டாய்லெட் ஆசிட்டோடு இதைச் சேர்க்கவே கூடாது. அதில் கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

இனி கரண்ட். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்குப் பெரிய கவலை அதுதான். ஃப்ரீசர் பெட்டியில் ஷாக் அடித்து, அழ வந்த சொந்தக்காரர் பாதிக்கப்பட்டார் என்ற செய்தி தமிழ்நாட்டில் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. ஏன் வராது? இரும்புப் பெட்டி. பழைய வீடு, எர்த் கிடையாது. மூன்று பின் பிளக் பொருந்தவில்லை என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரின் முனையைச் சீவி, தீக்குச்சியால் செருகி ஓட்டுகிறோம். சுற்றிலும் ஈரம். நம் பக்கம் நீர்மாலை என்று குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டுகிற வழக்கம் வேறு. ஈர வேட்டியோடும் ஈரச் சேலையோடும் நிற்கிறவர்கள்தான் கடைசியாகப் பெட்டியில் முகம் வைத்து அழுகிறார்கள். கரண்ட் பாய இதைவிட வசதி வேண்டுமா?

பெட்டியோடு உங்கள் சொந்த எக்ஸ்டென்ஷன் போர்டு போக வேண்டும். அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். கசிவு வந்த கணத்தில் அது கரண்டை நிறுத்திவிடும். எந்த எலக்ட்ரீஷியனும் பொருத்தித் தருவார். வீட்டில் எர்த் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்துத் தற்காலிக எர்த் போட்ட பிறகுதான் பெட்டியை ஓட்ட வேண்டும். பெட்டியை ஓடவிட்டதும் டெஸ்டரை வைத்துப் பெட்டியின் வெளிப்பக்கம் முழுக்கத் தொட்டுப் பாருங்கள், பிறகு வீட்டாரைப் பக்கத்தில் விடுங்கள். குளிப்பாட்டுவது பெட்டி இருக்கிற இடத்தில் வேண்டாம், முற்றத்திலோ வாசலிலோ தள்ளி. ஒயர் மேல் தலைமாட்டு விளக்கும் ஊதுபத்தியும் வந்து நிற்கும், அதையும் பாருங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். மூச்சுப் பேச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கிக்கொண்டே இருங்கள். கடையில் மூன்று பேருமே இதைப் பழகிக்கொள்வது அவசியம்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர். மழை வருகிறது என்று அதை நடைக்குள்ளோ தார்சாவுக்குள்ளோ தூக்கி வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய வீட்டுக்குள் அழுது களைத்துத் தூங்குகிறவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். வண்டியில் டிரை ஐஸ் வைத்துக் கொண்டுவருவதாக இருந்தாலும் டிரைவர் பக்கக் கண்ணாடி திறந்தே இருக்கட்டும், அதில் இருந்து வரும் வாயுவும் மூச்சை முட்டவைக்கும்.

இடுப்பு வலிக்கு மாத்திரை எழுதித் தருவதைவிட நீங்கள் தூக்குகிற விதத்தை மாற்றச் சொல்வேன். காலியான பெட்டியே நல்ல கனம். அதை உங்கள் ஊர் அக்ரஹாரத்து வீடு மாதிரி ரயில் பெட்டிபோல நீண்ட வீட்டில் வாசலில் இருந்து கூடம் வரை இரண்டு பேர் தூக்கினால் இடுப்பு என்ன ஆகும்? நாலு பேருக்குக் குறைந்து தூக்கவே கூடாது. துட்டி வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை, வாயைத் திறந்து கேட்டால் பத்துப் பேர் வருவார்கள். உடலைக் கையில் வாரி எடுக்காமல், கெட்டியான போர்வையை அடியில் விட்டு நாலு மூலையையும் பிடித்து, ஒருவர் எண்ண, எல்லாரும் சேர்ந்து தூக்குங்கள். முழங்காலை மடக்கிக் குனியுங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பெட்டிக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு வாங்குங்கள். அந்தக் காசு ஒரு ஸ்கேன் செலவில் திரும்பிவிடும். வலி இருக்கிற நாளில் படுத்தே கிடக்காமல் நடங்கள். ஆனால் வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, பாதம் தொய்ந்தாலோ, சிறுநீர், மலம் போவதில் தடுமாற்றம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெல்ட் கட்டிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

சென்னையில் இருந்து பாடி எடுத்து வருகிற சவாரி 600 கிலோமீட்டருக்கு மேல். வீட்டார் அவசரப்படுத்துவார்கள், விடிவதற்குள் வந்தாக வேண்டும் என்பார்கள். இரண்டு டிரைவர் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி இரண்டில் இருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்தில் இறங்கும், டீ அதை நிறுத்தாது. கண் சொருகினால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிஷம் தூங்குங்கள்.

மாமா விஷயம். குடிக்காமல் இந்த வேலை செய்ய முடியாது என்பதைச் சவக்கிடங்கிலும் மயானத்திலும் வேலை செய்கிறவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாற்றத்துக்கும் மனசுக்கும் அது மருந்து மாதிரி தெரிகிறது. ஆனால் கை தளர்ந்து ஊசி குத்துவதும், ஈரக் கையோடு பிளக்கைத் தொடுவதும், வண்டி மரத்தில் மோதுவதும் அதற்கு அப்புறம்தான். சர்க்கரைக்காரருக்கு இன்னும் மோசம். துட்டி வீட்டில் அடுப்பு எரியாது, கருப்பட்டிக் காப்பியோடு நாள் போய்விடும். மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல், மேலே சாராயமும் சேர்ந்தால் சர்க்கரை மளமளவென்று தாழும். வேர்த்து, நடுங்கி, பேச்சு குழறும். பார்க்கிறவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். வண்டியில் எப்போதும் சாப்பாட்டுப் பொட்டலமும், கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும். அந்த மாதிரி ஆனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். விழுங்கும் நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. தினமும் குடிக்கிறவர் என்றால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய் மருந்தோடு நிறுத்த வேண்டும். அப்புறம் அவர் கால். மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகாட்டுக்குள் நடப்பார் என்று நினைக்கிறேன். சூடான சாம்பலும் உடைமுள்ளும் சர்க்கரைக்காரர் காலுக்குத் தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். செருப்போடு போகட்டும், இறந்தவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். சின்னப் பையனின் உடலைக் கையில் ஏந்தியவருக்குச் சில வாரம் தூக்கம் கெடுவது நோய் இல்லை. மாமாவிடமோ நண்பரிடமோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு மாதம் தாண்டியும் அந்த முகம் கண்ணில் வந்துகொண்டே இருந்தால், ஆற்றுப் பக்கம் போகவே பிடிக்காமல் போனால், காரணமில்லாமல் எரிச்சல் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்பே பேச ஆள் வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

சரி, நடுராத்திரி போன். அந்த நேரத்தில் வீட்டாருக்கு யோசனை ஓடாது, அதனால் கேள்விகளை நீங்கள் வைத்திருக்க வேண்டும். முதல் கேள்வி வாடகை இல்லை: 'டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டாரா?' 2020 அக்டோபரில் சேலத்தில் உயிர் இருந்த 74 வயதுப் பெரியவர் ஒருவரை ராத்திரி முழுக்க ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியைத் திரும்ப எடுக்க வந்த ஊழியர்தான் மூச்சு இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் சில நாளில் அவர் இறந்துவிட்டார். டாக்டர் உறுதி செய்யாமல் பெட்டியில் வைப்பதில்லை என்று கடையில் ஒரு சட்டமாகவே எழுதி வையுங்கள்.

அடுத்தது, எப்படி இறந்தார். தூக்கு, விஷம், தீ, விபத்து, பாம்புக்கடி, ஷாக், ஆற்றில் மூழ்கியது, எதுவானாலும் போலீஸுக்குத் தகவல் போய், விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் உங்கள் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. வீட்டார் 'கௌரவம்' என்று கெஞ்சுவார்கள். நீங்கள் உடலைக் குளிப்பாட்டி எடுத்துவிட்டால் தடயத்தை அழித்தவர் நீங்கள்தான்.

பிறகு கண். கண்தானம் செய்ய விருப்பமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரைக்காரர், எல்லாரும் கொடுக்கலாம். இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்கு அடியில் தலையணை கொடுத்துவிட்டு ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ஆள் வீடு தேடி வருவார்கள். திருநெல்வேலியில் அரவிந்த் இருக்கிறது. எடுப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் அலங்கோலமாகாது. முழு உடல் தானம் என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறை. பிரேதப் பரிசோதனை செய்த உடலை ஏற்கமாட்டார்கள்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா என்பதையும் கேளுங்கள். விராட்டி அடுக்கிச் சுட்டாலும், சிந்துபூந்துறை தகன மேடைக்குப் போனாலும் அது சூட்டில் வெடிக்கும். டாக்டரை வைத்து முன்பே எடுத்துவிட வேண்டும். அடக்கம் என்றால் கவலை இல்லை. நகையைக் கழற்றுவதைச் சொந்தக்காரர் இரண்டு பேர் முன்னால், அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லி எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கும், அதற்குள் கை, கால், தாடையை நேராக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் பெட்டி வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். மேலப்பாளையத்து முஸ்லிம் வீட்டில் கூடிய சீக்கிரம் அடக்கம் செய்துவிடுவார்கள், பெட்டியே வேண்டாம் என்பார்கள். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீட்டில் கல்லறைத் தோட்டத்து ஏற்பாட்டையும் ஆராதனை நேரத்தையும் பொறுத்தது. துபாயில் இருந்து மகன் வர வேண்டும் என்றால் எந்த வீடானாலும் இரண்டு நாள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் வீடுவரை கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு. உங்கள் சவாரி ஒன்று போனாலும் இல்லாத வீட்டுக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.

படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிற வீட்டில் முன்கூட்டியே ஒரு பை தயாராக இருக்கலாம். அதில் ஆதார் நகல், சிகிச்சைச் சீட்டுகள், பார்த்துவருகிற டாக்டரின் எண், சொல்ல வேண்டிய சொந்தக்காரர்கள் எண், சுடுவதா புதைப்பதா என்று அவரே சொன்ன விருப்பம். இதைப் பேசினால் சாவை அழைப்பதாகும் என்று பெண்கள் தடுப்பார்கள், பெரியவர்களோ பெரும்பாலும் நிம்மதியாகச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் அந்த டாக்டர் 4ஏ படிவத்தில் காரணத்தை எழுதித் தருவார். அதோடு கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம், பேரூராட்சி, நகராட்சி என்றால் அந்த அலுவலகத்தில் 21 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. இறந்த இடம் எதுவோ அங்கேதான் பதிவு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு உங்கள் ஊரில் சான்றிதழ் கிடைக்காது. பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருப்பது போலவே எழுதச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறினால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் மாதக்கணக்கில் நடப்பார்கள்.

கடைசியாக ஊசி. ஹெப்படைட்டிஸ் பி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, முதல் ஊசியில் இருந்து ஆறாம் மாதம் ஒன்று. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிலருக்கு வராது. டி.டி. போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் வருஷம் ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள், இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை. வீட்டுக்குள் நுழையும்முன் குளிக்கச் சொல்கிறார் அல்லவா அம்மா, அது சரியான பழக்கம்தான். வேலைத் துணியைத் தனியாகச் சோப்பில் ஊறவைத்துத் துவைக்கலாம். ஆற்றில் விட வேண்டாம், பாபநாசம் படித்துறையில் ஏற்கனவே குவிந்து கிடக்கிறது. முதல் ஊசிக்கு இந்த வாரமே போங்கள், மாமாவையும் உதவிக்கு இருக்கிற பையனையும் கூட்டிக்கொண்டு.